பச்சைச் சிலுவைக் கடையில் என்ன வாங்குகிறோம்? பிரான்ஸ் செல்லும் குடும்பங்களின் கவனத்துக்கு



கூடுவாஞ்சேரியில் எங்கள் ஜமாஅத்தில் பாரிஸில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் சில உண்டு. காரைக்காலும் புதுச்சேரியும் இவர்களுக்குப் பூர்வீகம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோன் வரை வணிகத்துக்குச் சென்றவர்களின் வாரிசுகள், பின்னாளில் பிரெஞ்சு குடியுரிமையுடன் பாரிஸ் புறநகர்களில் குடியேறினார்கள். என் மனைவியின் அண்ணன் குடும்பமும் அப்படித்தான்.

அவர்களைப் பார்க்க நாங்கள் புறப்பட்டபோது என் கையில் சேர்ந்த துண்டுச் சீட்டுகள் பதினொன்று. முகத்துக்குக் கிரீம், முடிக்கு எண்ணெய், மூட்டு வலிக்கு மாத்திரை, தூக்கத்துக்குக் கேப்சூல். அவற்றில் இரண்டு சீட்டுகள் என்னை யோசிக்க வைத்தன. ஒன்றைக் கொடுத்த தாய், "மகளுக்கு நிக்காஹ் பேசிட்டிருக்கோம் ஹஜ்ரத், நிறம் குடுக்கிற கிரீம் அங்கே நல்லதா கிடைக்குமாம்" என்றார். இன்னொன்றை என் மாமா கொடுத்தார்: "அந்த ஊரு மாத்திரைதான் பவரு."

இந்த இரண்டு சீட்டுகளுக்கும் பதில் சொல்லவே இக்கட்டுரை.

சிலுவை என்றால் மதச் சின்னமா?

பாரிஸ் வீதிகளில் பச்சை விளக்கில் ஒளிரும் கூட்டல் வடிவச் சின்னம் மருந்துக் கடையின் அடையாளம். "சிலுவை போட்ட கடையா?" என்று என் உம்மா தயங்கினார்கள். செஞ்சிலுவைச் சின்னம் போர்க்கால மருத்துவ உதவிக்கென ஒதுக்கப்பட்டதால், பிரெஞ்சு மருந்தாளர்கள் பச்சை நிறத்துக்கு மாறினார்கள். அதற்கும் வழிபாட்டுக்கும் தொடர்பில்லை.

மருந்தும் அழகுப் பொருளும் ஒரே கடையில் இருப்பதும் நமக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் ஒரு பகுதியை நறுமணத்துக்கும் ஒப்பனைக்கும் ஒதுக்கினார். உடலைப் பேணுவதும் அழகாக இருப்பதும் மார்க்கம் வெறுத்த செயல்களல்ல.

ஒரே கடை, இரண்டு பகுதிகள்

கடைக்குள் நுழைந்ததும் நாமே எடுத்துக்கொள்ளும் அலமாரிகள் இருக்கும். கிரீம், ஷாம்பு, சன்ஸ்கிரீன், குழந்தைப் பொருட்கள் எல்லாம் அங்கே. இதை 'பாராஃபார்மசி' என்பார்கள். பயோடெர்மா, அவென், லா ரோஷ்-போசே, நுக்ஸ் போன்ற பெயர்களை இங்கேதான் காண்பீர்கள்.

மருந்துகள் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும். பிரான்ஸில் பாராசிட்டமால்கூட சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. 2020 ஜனவரி முதல் பாராசிட்டமால், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றையும் மருந்தாளரிடம் கேட்டுத்தான் வாங்க முடியும். "நாலு மாத்திரை வெட்டிக் குடுங்கண்ணே" என்பதெல்லாம் நடக்காது. முழுப் பெட்டியாகத்தான் தருவார்கள். ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சீட்டில்லாமல் கேட்க வேண்டாம். கோடெய்ன் கலந்த மருந்துகளுக்கு 2017 முதலும், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் மாத்திரைகளுக்கு 2024 டிசம்பர் முதலும் சீட்டு கட்டாயம். நம்மூர் சீட்டை அங்கே ஏற்பார்கள் என்று நம்பியிருக்காமல், சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பயண நாட்களுக்குப் போதுமான அளவு இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மூலப்பெயரைக் குறித்து வைத்திருங்கள்.

நுழைந்தவுடன் "போன்ஜூர்" சொல்ல மறக்காதீர்கள். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். மருந்தாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் பெண்கள் தங்கள் உடல்நலச் சந்தேகங்களைக் கூச்சமின்றிக் கேட்கலாம். கேட்பதற்குக் கட்டணமும் இல்லை.

மாமாவுக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் அன்போடு கொண்டுவந்த பாராசிட்டமால் பெட்டி மாமா வீட்டில் இருந்தது. ஒரு மாத்திரை 1,000 மில்லிகிராம். காய்ச்சல் வந்ததும் நாளுக்கு மூன்று போட்டார். கூடவே வந்த சளிப் பவுடரையும் மூன்று வேளை வெந்நீரில் கலந்து குடித்தார். அதில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தது பிரெஞ்சு எழுத்தில் அச்சாகியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. "இது கேக்கலை" என்று நம்மூர் 650 மாத்திரையும் இரண்டு. கூட்டினால் ஒரே நாளில் 5,800 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு அதிகபட்ச அளவே 4,000 தான்; வயதானவர்களுக்கும் ஈரல் பலவீனமானவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

மூன்றாம் நாள் வாந்தி. மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்தபோது ஈரல் பாதித்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், குணமானார். ஆனால் 'பவரு' என்று அவர் நம்பியது நம் கடையில் கிடைக்கும் அதே மருந்துதான். அளவு மட்டும் அதிகம்.

ஆகவே யாருக்கும் மாத்திரையைப் பரிசாகக் கொண்டுவராதீர்கள். மூட்டு வலி மாத்திரைகள் பல, சிறுநீரகக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. மாமாவின் இரண்டாம் சீட்டை நான் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நிறம் கொடுக்கும் கிரீம்

தோலை வெளுப்பிக்கும் ஹைட்ரோகுவினோனை ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் அழகுக் கிரீம்களில் தடை செய்தது. பாதரசத்துக்கும் அனுமதி இல்லை. ஸ்டீராய்டு கலந்தது மருந்து. மருத்துவர் சொல்லாமல் பூசக்கூடாது. எனவே பச்சைச் சிலுவைக் கடையில் 'ஒரு மாதத்தில் சிவப்பு' என்று எதுவும் கிடைக்காது. ஆனால் பாரிஸின் ஷாத்தோ ரூஜ், ஷாத்தோ தோ போன்ற பகுதிகளின் சில சில்லறைக் கடைகளில் இத்தகைய கிரீம்கள் சட்டவிரோதமாக விற்கப்படுகின்றன. 'பாரிஸ் கிரீம்' என்று ஊருக்கு வருவது அதுவாகவும் இருக்கலாம். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, முகப்பரு பெருகி, நிறுத்தியதும் முன்பைவிடக் கருமை படியும்.

அந்தத் தாயிடம் இதைச் சொன்னேன். வெயில் காக்கும் சன்ஸ்கிரீன் ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். அல்லாஹ் கொடுத்த நிறத்தைக் குறையாகச் சொல்லும் வீட்டில் பெண் கொடுக்க வேண்டுமா என்று அவருடைய கணவரிடம் தனியாகவும் கேட்டேன்.

லேபிளைப் படிப்பது எப்படி?

ஐரோப்பாவில் விற்கும் அழகுப் பொருள்களில் சேர்மானப் பட்டியல் சட்டப்படி இருந்தாக வேண்டும். அதிகம் உள்ளது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை எந்த வரிசையிலும் வரலாம்.

1. 'ஆல்கஹால்' அல்லது 'ஆல்கஹால் டீநாட்' என்றிருந்தால் அது எத்தனால். 'சீட்டைல் ஆல்கஹால்', 'சீட்டியரைல் ஆல்கஹால்' என்பவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருட்கள். போதை தருவன அல்ல. பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். எத்தனாலைப் பொறுத்தவரை, போதை தரும் திரவத்தை ஷாஃபிஈ நூல்கள் நஜீஸ் என்கின்றன. ஹனஃபி அறிஞர்கள் பலர், திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து பெறப்பட்டதைப் புறப்பயன்பாட்டுக்கு அனுமதிக்கிறார்கள். உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. முடி, நக, தூக்கக் கேப்சூல்களும் கொலாஜன் பவுடர்களும் வயிற்றுக்குள் போகின்றன. இவற்றில் கூடுதல் கவனம் தேவை. 'ஜெலட்டின்' என்று மட்டும் இருந்தால் பன்றியாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம். "போர்சின்" என்றால் பன்றி, "புவாஸோன்" என்றால் மீன், "வெஜெத்தால்" என்றால் தாவரம். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

3. 'வீகன்' முத்திரை இருந்தால் விலங்குப் பொருள் இல்லை என்று பொருள். ஆல்கஹால் இல்லை என்று அதற்குப் பொருளில்லை.

4. எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தால் உளூவுக்குத் தடையில்லை. தண்ணீர் தோலில் படாதபடி படலமாக நிற்கும் வாட்டர்புரூஃப் பூச்சுகளை உளூவுக்கு முன் சோப்பிட்டு அகற்ற வேண்டும்.

விலையும் வரியும்

பிரான்ஸில் ஒரு மருந்தாளர் ஒரு கடைதான் வைத்திருக்க முடியும். அதனால் அழகுப் பொருள் விலை கடைக்குக் கடை மாறும். சாங்-ஜெர்மென் பகுதியின் சிட்டிஃபார்மா குறைந்த விலைக்குப் பெயர் பெற்றது, கூட்டமும் அதிகம். மேலே சொன்ன பிராண்டுகளில் சில இப்போது சென்னையிலும் கிடைக்கின்றன. இங்குள்ள விலையைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். பாரிஸ் குளிருக்கான கெட்டிக் கிரீம் நம்மூர் வியர்வைக்கு ஒத்துவராது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் 16 வயது நிரம்பிய பயணிக்கு வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் பெற்று, விமான நிலையத்தின் 'பாப்லோ' இயந்திரத்தில் பதிய வேண்டும். அதிகாரி கேட்டால் பொருளைக் காட்ட வேண்டும் என்பதால், பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில்கள் கைப்பையில் போகாது.

இங்கே ஒரு தவறு சர்வசாதாரணமாக நடக்கிறது. அங்கேயே வசிக்கும் உறவினர் தமக்கான பொருளை விருந்தாளியின் பாஸ்போர்ட்டில் வாங்கி வரியைத் திரும்பப் பெறுகிறார். நாட்டை விட்டு வெளியேறும் பொருளுக்குத்தான் அந்தச் சலுகை. இது பொய்க் கணக்கு. அதில் வரும் பத்து யூரோ ஹலால் அல்ல.

பிறருக்காக வாங்கும்போது நாம் அவர்களின் வக்கீல். ரசீதைக் கொடுத்து, கொடுத்த விலையையே சொல்ல வேண்டும். தள்ளுபடி கிடைத்தால் அதுவும் அவர்களுக்கே. சிரமத்துக்குக் கூலி வேண்டுமென்றால் முன்பே பேசிவிடலாம். சொல்லாமல் ஏற்றி வாங்குவது அமானிதத்துக்குத் துரோகம்.

பதினொரு சீட்டுகளில் ஆறுக்கான பொருட்களை மட்டுமே வாங்கி வந்தேன். மற்றவர்களிடம் வாங்காததன் காரணத்தைச் சொன்னேன். சிலருக்கு முகம் வாடியது. மாமா மட்டும், "நல்ல வேளை, மறந்துட்டியோன்னு நினைச்சேன்" என்று சிரித்தார்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் தெளிவான அறிவையும் தருவானாக. ஆமீன்.