கடல் கடக்கும் உணவு

பண்டை நாளில் சேரநாட்டு மிளகு மரக்கலங்களில் ஏறி யவனர் நாட்டை அடைந்தது. மாதக்கணக்கில் கடலில் கிடந்தும் அது கெடவில்லை. மிளகு உலர்ந்த பொருள். ஈரமுள்ள உணவின் இயல்பு வேறு. காலையில் இறக்கிய குழம்பு மறுநாள் நுரைத்துப் புளித்துவிடுகிறது. கனிந்த மாம்பழமோ நான்கு நாளும் தாங்குவதில்லை. ஆயினும், கிருஷ்ணகிரி வட்டாரத்து மாம்பழங்கள் கூழாக்கப்பெற்று, தகர டப்பாக்களில் அடைக்கப்பெற்று, பனிக்கட்டியின் துணையோ குளிர்ப்பெட்டியின் துணையோ இன்றி, அரபு நாடுகளுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் கடல்வழியே செல்கின்றன. பல மாதங்கள் கழித்து டப்பாவைத் திறந்தாலும் கூழ் மணம் மாறாதிருக்கிறது. இஃது எங்ஙனம் இயலுகின்றது?

இவ்வினாவிற்கு முதலில் விடை கண்டவர் நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர். இனிப்புப் பண்டங்கள் செய்வது அவர் தொழில். 1795ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியைத் தொடங்கிய அவர், வாய் அகன்ற கண்ணாடிப் புட்டிகளில் உணவை இட்டு, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். அவ்வாறு வைத்த உணவு கெடவில்லை. செய்முறையை நூலாக வெளியிட வேண்டும் என்னும் கட்டளையுடன், பிரெஞ்சு அரசு 1810ஆம் ஆண்டில் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. உணவு ஏன் கெடவில்லை என்பதை அப்பேர் அறியார். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே உணவைக் கெடுப்பவை என்பதைப் பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டு கழித்துத்தான். காரணம் அறியாமலே கைப்பழக்கத்தால் உண்மையை எட்டிய தொழிலாளர் உலகில் பலர். அவர்களுள் அப்பேரை முன்வரிசையில் வைக்கலாம்.

கண்ணாடி உடையும், கப்பலின் ஆட்டத்திற்கு அது தாங்காது. 1810ஆம் ஆண்டிலேயே பீட்டர் டூரண்டு என்பவர் இங்கிலாந்தில் தகரக் கலங்களில் உணவு அடைக்கும் உரிமையைப் பதிவு செய்தார். அவ்வுரிமையைப் பெற்ற டாங்கினும் ஹாலும் இலண்டனில் தொழிற்சாலை நிறுவி, 1813ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படைக்கு டப்பா உணவை அளித்தனர். அந்த டப்பாக்களை உளியும் சுத்தியும் கொண்டே பிளக்க வேண்டியிருந்தது. அவற்றைத் திறப்பதற்கென்று ஒரு கருவி தோன்ற மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! பாரி என்பவர் 1824ஆம் ஆண்டில் வடதுருவக் கடலுக்குச் சென்றபோது கொண்டுபோன கன்றிறைச்சி டப்பா ஒன்று, உண்ணப்படாமலே திரும்பி வந்தது. அது 1938ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவ்விறைச்சியை உண்ட எலிகளுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

எல்லா டப்பாக்களும் இவ்வாறு அமையவில்லை. 1852ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காஸ்போர்ட்டு நகரிலிருந்த ஆங்கிலக் கடற்படையின் உணவுக் கிடங்கில் டப்பாக்களைத் திறந்து பார்த்த அலுவலர்கள் திடுக்கிட்டனர். கோல்டுனர் என்னும் வணிகர் அளித்த இறைச்சியுள் பெரும்பகுதி அழுகி நாறிக் கிடந்தது. நடுக்கடலில் செல்லும் மாலுமிக்கு வேறு கடை ஏது? டப்பா கெட்டதாயின் அவனுக்குப் பட்டினி. அறியாது உண்டானாயின் நோய். டப்பாக்கள் வெளியிலிருந்து கெடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. அளவிற் பெரிய டப்பாக்களில் வெப்பம் நடுப்பகுதியை எட்டவில்லை. சாகாத நுண்ணுயிர்கள் உணவோடு உள்ளே பூட்டப்பட்டன. கதவை அடைத்துவிட்டோம் என்று மகிழ்ந்திருந்தபோது, கள்வன் வீட்டினுள்ளேயே இருந்தான்.

1895ஆம் ஆண்டிற்குப் பின், பிரெஸ்காட், அண்டர்வுட் என்னும் அமெரிக்கர் இருவர் இதனை நுணுகி ஆராய்ந்தனர். சில நுண்ணுயிர்கள் கடினமான உறையுடைய வித்துகளாக மாறிக் கொதிநீரிலும் பிழைக்கும். ஆகவே, இறைச்சி, மீன், பருப்பு, காய்கறி போன்றவற்றை அழுத்தக் கலத்தில் இட்டு, ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் வெப்பத்திற்கு உட்படுத்துகின்றனர். நம் வீட்டுப் பிரஷர் குக்கரும் இதே நெறியில் இயங்குவதே. போட்யூலினம் என்னும் நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு உயிரையே போக்கவல்லது. காற்றில்லாத டப்பாவே அதற்கு உகந்த இடம். ஆனால், புளிப்பு மிகுந்த உணவில் அது வளராது. அதனால், புளிப்புடைய மாம்பழக் கூழுக்கு அத்துணைக் கடும் வெப்பம் வேண்டுவதில்லை. 1968ஆம் ஆண்டில் ஜப்பானில் குழம்பை மெல்லிய பையில் அடைத்து விற்கத் தொடங்கினர். பை தட்டையாதலின் வெப்பம் விரைந்து நடுவை எட்டும். உணவின் சுவையும் குன்றாது. மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வுக்கூடம் நம் படைவீரர்க்கென இத்தகைய பை உணவுகளை உருவாக்கியுள்ளது.

உணவு டப்பாவில் அடங்கிற்று. டப்பாக்கள் அட்டைப் பெட்டிகளில் அடங்கின. முன்னாளில் இப்பெட்டிகளைத் துறைமுகத் தொழிலாளர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கப்பலில் அடுக்கினர். நனைதலும் நசுங்கலும் களவும் மிகுதி. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்பவரின் முயற்சியால், ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெரும் பெட்டகங்களைச் சுமந்து அமெரிக்காவின் நியூவார்க்குத் துறையினின்று ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இன்று நெடுஞ்சாலைகளில் லாரிகள் இழுத்துச் செல்லும் கன்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டகத்தின் வரலாறு அங்குத் தொடங்கிற்று. சரக்கை ஆலையிலேயே ஏற்றி, கதவைப் பூட்டி, முத்திரையிட்டுவிட்டால், சேருமிடத்தில்தான் திறக்க வேண்டும்.

ஆயினும், பழைய கள்வன் இங்கும் வேறுருவில் புகுந்துகொள்கிறான். இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் முத்துமுத்தாய் நிற்பதைக் காண்கிறோம். கடலில் செல்லும் பெட்டகத்தினுள்ளும் இதுவே நிகழ்கிறது. சென்னைத் துறைமுகத்தின் ஈரக்காற்றும், அட்டைப் பெட்டியின் ஈரமும், அடியில் இட்ட மரத்தட்டின் ஈரமும் உள்ளேயே பூட்டப்படுகின்றன. பகலில் வெயிலால் பெட்டகத்தின் கூரை காய்கிறது. மரத்திலும் அட்டையிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. இரவில் கூரை குளிர்கிறது. ஆவி நீராகிச் சொட்டுகிறது. ஐரோப்பாவின் குளிர்காலக் கடலுள் கப்பல் நுழையும்போது இது மிகும். இதனைப் ‘பெட்டக மழை’ என்றே கப்பல் தொழிலோர் அழைப்பர். ஒரு சொட்டுக் கடல்நீரும் புகாத பெட்டகத்திலும் சரக்கு நனைந்து நிற்பது இதனால்தான். நனைந்த அட்டை வலுவிழக்கிறது, மேலடுக்கின் சுமை கீழடுக்கை நசுக்குகிறது, ஒட்டிய தாள் உரிகிறது, தகரம் துருவேறுகிறது. துரு ஊசிமுனையளவு துளையிட்டாலும் போதும், நுண்ணுயிர்க்கு வழி திறந்துவிடும்.

ஆதலின், சரக்கேற்றுவோர் வெறும் பெட்டகத்தினுள் புகுந்து, கதவைச் சாத்தச் செய்து, எங்கேனும் ஒளிக்கீற்றுத் தெரிகின்றதா என்று பார்க்கின்றனர். கால்சியம் குளோரைடு நிரம்பிய பைகளைச் சுவரோரம் தொங்கவிடுகின்றனர். அவை காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். மரத்தட்டுகளில் பூச்சிகள் ஒளிந்து நாடு கடவாமலிருக்க, மரத்தின் நடுப்பகுதியும் 56 பாகையில் 30 நிமிடம் காயுமாறு செய்து முத்திரையிடுவது உலக நாடுகள் உடன்பட்ட முறைகளுள் ஒன்று. அம்முத்திரை பூச்சிக்கு மட்டுமே காப்பு. முத்திரை உண்டென்று ஈரமான மரத்தை ஏற்றிவிட்டுப் பின்னர் வருந்துவோரும் உளர்.

காலமும் ஒரு கணக்கு. தூத்துக்குடியில் ஏறிய பெட்டகம் பல வேளைகளில் கொழும்பில் இறங்கி, பெருங்கப்பலுக்காகக் காத்திருக்கும். 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘எவர் கிவன்’ என்னும் கப்பல் சூயசுக் கால்வாயின் குறுக்கே சிக்கி, ஆறு நாட்கள் வழியை அடைத்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் நேர்ந்தபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன. டப்பா உணவு அதனால் அழுகிவிடாது. ஆனால், ‘இந்நாளுக்குள் பயன்படுத்துக’ என்று அச்சிட்ட நாள் கடலிலேயே தேய்கிறது. எஞ்சிய காலம் குறைந்த சரக்கை அயல்நாட்டு வணிகர் ஏற்கத் தயங்குவர்.

சேருமிடத்தில் முத்திரை உடைக்கப்படுகிறது. முதலில் கூரையையும் மேலடுக்குப் பெட்டிகளையும் தடவிப் பார்க்கின்றனர். பின்னர்ச் சில டப்பாக்களை எடுத்து, ஓரங்களில் துரு உள்ளதா, மூடியும் அடியும் சமமாக உள்ளனவா என்று நோக்குகின்றனர். முனை உப்பியிருக்கும் டப்பா திறந்து பாராமலே ஒதுக்கப்படுகிறது.