தோலா, பிளாஸ்டிக்கா? உறைக்குள் ஒரு யுத்தம்

மழை விடாத ஊரில் துப்பாக்கி உறைக்கு ஏற்றது எது? வீட்டிலேயே செய்யக் கிளம்புபவர்கள் அழகைவிட முதலில் கவனிக்க வேண்டியது விசையை.

திருவனந்தபுரம் சாலை பஜாரை ஒட்டியிருக்கிறது ஆரியசாலை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வரும் வேளிமலை முருகன் தங்குவது இங்குள்ள தேவி கோயிலில்தான். திருவிதாங்கூர் மன்னர்களின் உடைவாளும் அந்த ஊர்வலத்தோடு வருகிறது. வாளோ, கைத்துப்பாக்கியோ, இந்த ஊரில் இரும்புக்கு முதல் எதிரி ஈரம்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இடைப்பட்ட நாட்களிலும் கடல்காற்று காய்வதில்லை. அலமாரியில் மாட்டிய தோல் பெல்ட்டில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பூத்துவிடும்.

லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு உறை ஆடம்பரமல்ல, கட்டாயம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கான உறையில், முழுதும் மூடி, தன் கட்டுப்பாட்டில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கும் சட்டம், உறையை யார் தைத்தார்கள் என்று கேட்பதில்லை. ஆகவே கைவேலையில் ஆசையுள்ளவர்கள் தாங்களே செய்யத் துணிகிறார்கள். அங்கேதான் கேள்வி: தோலா, பிளாஸ்டிக்கா?

தோலின் பக்கம் தமிழ்நாட்டுக்குப் பழைய உரிமை உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் 19-ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறியது. 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயரெடுத்த அந்தச் சரக்கு இன்று புவிசார் குறியீடு பெற்றது. உறை செய்ய ஏற்றதும் இப்படித் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல்தான். சுமார் மூன்று மில்லிமீட்டர் கனம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நனைத்து, துப்பாக்கியின் அதே அளவிலான போலி வார்ப்பின் மேல் விரலால் அழுத்தி, நிழலில் ஒரு நாள் காயவிட்டால் வடிவம் பிடித்துக்கொள்ளும். குத்தூசி, மெழுகு பூசிய நூல், பொறுமை: இவ்வளவே முதலீடு. கைப்பைக்கும் ஜாக்கெட்டுக்கும் போகும் குரோம் தோல் மெத்தென்றிருக்கும், ஆனால் அழுத்திய வடிவத்தில் நிற்காது.

தோல் உடம்பை உறுத்தாது. துப்பாக்கியை உருவும்போது சத்தமிடாது. தையல் தவறினால் பிரித்துத் தைக்கலாம். ஆனால் அதன் ஆபத்து பின்னால் வருகிறது. வியர்வையும் மழையும் குடித்த தோல் நாளடைவில் தளர்கிறது. வாய்ப்பகுதி தொய்ந்து உள்ளே மடிந்தால், துப்பாக்கியைச் செருகும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடக்கூடும். வெளிநாடுகளில் இப்படிக் குண்டு பாய்ந்து காயமடைந்தவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, பதனிட்ட சாற்றின் அமிலமும் ஈரமும் சேர்ந்து இரும்பில் துருவையும் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பையும் ஏற்றும். துப்பாக்கியைத் தோலுறையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பது திருவனந்தபுரம் மாதிரி ஊரில் துருவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான்.

பிளாஸ்டிக் உறைகளில் பிரபலமானது கைடெக்ஸ். அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் கலந்த இந்தத் தகட்டை 1965-ல் அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனி விமானத்தின் உட்புறங்களுக்காக உருவாக்கியது. பிறகுதான் கத்திக்கும் துப்பாக்கிக்கும் வந்தது. இரண்டு மில்லிமீட்டர் தகட்டை ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால் அப்பளம் போலத் துவளும். போலி வார்ப்பின் மேல் போட்டு, கெட்டியான ஸ்பாஞ்சுகளுக்கிடையே அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஓரத்தை அறுத்து, தேய்த்து, ரிவெட் அடித்தால் வேலை முடிந்தது. தண்ணீரை உறிஞ்சாது, தொய்யாது, பூஞ்சணம் பிடித்தாலும் துடைத்தால் போய்விடும்.

இதன் ஆபத்து முன்னால் வருகிறது, அதாவது செய்யும்போதே. சூடு மிஞ்சினால் பி.வி.சி. கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண்ணும் மூச்சுக்குழலும் எரியும். சமையலறை அவனில் இதைச் செய்வது கூடவே கூடாது. காற்றோட்டமான இடமும் தடித்த கையுறையும் தேவை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாயை அறுத்துத் தட்டையாக்கிக் கத்திக்கு உறை செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழாய் சுமார் 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் நெளியக்கூடிய சாமானைத் துப்பாக்கிக்கு நம்ப முடியாது.

சுற்றுச்சூழல் கணக்கில் இரண்டு கட்சிக்கும் வெள்ளை வேட்டி இல்லை. பாலாற்றைக் கெடுத்த வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளுக்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பிளாஸ்டிக் உறையோ, அதை அணிந்தவருக்குப் பிறகும் பல தலைமுறை மட்காமல் கிடக்கும்.

எதில் செய்தாலும் சோதனை ஒன்றேதான். குண்டு நிரப்பாத துப்பாக்கியைச் செருகிப் பாருங்கள். விசையும் அதன் வளையமும் முழுதாக மூடியிருக்க வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாலும் விழக்கூடாது. உருவிய பின்னும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். தோலுறைக்கு இந்தச் சோதனையை மழைக்காலம்தோறும் நடத்த வேண்டும். பிளாஸ்டிக்குக்கு முதல் நாள் கவனமாக நடத்திவிட்டு, பிறகு விரிசலையும் ரிவெட்டையும் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்றாடம் மழையில் நனைகிறவருக்குப் பிளாஸ்டிக்தான் பத்திரம், செய்யும் இடமும் கருவியும் சரியாக இருந்தால். அவை இல்லாதவர் தோலை எடுக்கலாம். ஆனால் தொய்ந்த உறையை, எத்தனை பாசத்தோடு தைத்ததானாலும், தூக்கிப்போடும் மனசு வேண்டும்.