கட்டியவரின் கூலி



உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்கு முன்பே அவனுடைய கூலியைக் கொடுத்துவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அறிவோம். கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லையென்றால் உழைத்தவர் என்ன செய்வார்? இக்கேள்விக்கும் ஃபிக்ஹு மேதைகள் விடை வகுத்துச் சென்றுள்ளார்கள்.

சாயம் தோய்ப்பவரின் உழைப்பு துணியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கூலி கைக்கு வரும்வரை அத்துணியைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். சுமை தூக்குபவரின் உழைப்பு பொருளில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்துவதில்லை. ஆதலால் அவருக்கு இவ்வுரிமை இல்லை. உஸ்மானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘மஜல்லா’வின் 482, 483ஆம் பிரிவுகளும் இதையே கூறுகின்றன. கூலியைப் பின்னர் தருவதாகப் பேசியிருந்தால் மட்டும் பொருளை நிறுத்திவைக்க இயலாது.

வீடு கட்டுபவரின் நிலை என்ன? அவருடைய உழைப்பும் சுவரில் தங்கி நிற்கிறது. ஆனால் சுவர் நிற்பதோ பிறருடைய நிலத்தில்! துணியைப் போல் அதை மடித்து வைத்துக்கொள்ள முடியுமா?

வாஷிங்டன் நகரம் எழுப்பப்பட்ட காலத்தில், 1791ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் இதற்கொரு வழி கண்டது. கட்டியவருக்குச் சேரவேண்டிய தொகைக்காக அக்கட்டடத்தின் மீதே அவருக்குப் பற்றுரிமை வழங்கியது. இன்று அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் உண்டு. பணம் பெறாதவர் குறித்த கெடுவுக்குள் தம் கோரிக்கையைப் பதிவு செய்தால், அது சொத்தின் மீது வில்லங்கமாக நிற்கும். நீதிமன்றத்தின் வாயிலாகச் சொத்தை விற்றும் தொகையைப் பெறலாம். கெடு தவறினால் அவ்வுரிமை போய்விடும்.

நம் நாட்டில், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவில், தைத்த சட்டையைக் கூலி பெறும்வரை நிறுத்திவைக்கத் தையற்காரருக்கு உரிமை தருகிறது. வீடு கட்டிய மேஸ்திரிக்கோ அவ்வாறான தனிச்சட்டம் இல்லை. சாவியை ஒப்படைத்த பின் அவருக்கு எஞ்சுவது வழக்கு மன்றமும், நம் நாணயமுமே!

ஆகவே சகோதரர்களே, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் இடும் கட்டளையை வீடு கட்டும்போதும் பேணுங்கள். எந்த அளவு வேலைக்கு எவ்வளவு தொகை, எந்த நாளில் என்று எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். மேஸ்திரியிடம் கொடுத்த பணம் கொத்தனாருக்கும் சிற்றாளுக்கும் சேர்ந்ததா என்று விசாரியுங்கள். வேலையில் குறை இருந்தால் அக்குறைக்குரிய தொகையை மட்டும் நிறுத்துங்கள். முழுக் கணக்கையும் முடக்காதீர்கள். பள்ளிவாசல் கட்டும் நிர்வாகிகளுக்கும் இதுவே முறை.

வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழி. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைத் தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. குடிபுகும் நாளில் விருந்துக்கு அழைக்கும் முன், கட்டியவரை அழைத்துக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். அவ்வீட்டில் பரக்கத் இறங்கட்டும்!