மலையகத்தின் சைக்கிள் பாதைகள்: வெட்டியவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

ஹற்றனிலிருந்து நோர்வூட் செல்லும் வழியில் அகலமான ரயர் பூட்டிய சைக்கிள்களை இப்போது காணலாம். தலைக்கவசம் அணிந்த வெளிநாட்டவர்கள், சில வேளைகளில் கொழும்பு இளைஞர்கள், பிரதான வீதியை விட்டு விலகித் தேயிலைக்குள் நுழைந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையோரமாக ஓடுகிறார்கள். மவுண்டன் பைக்கிங் எனப்படும் மலைச் சைக்கிளோட்டம், நடைப்பயணம் போலவே மலையகச் சுற்றுலாவின் ஒரு பகுதியாகிவிட்டது. இந்தப் பாதைகள் எப்படி உருவாகின, அவற்றால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை அறியவே நானும் ஒரு சைக்கிளுடன் அங்கு சென்றேன்.

மலைச் சைக்கிளுக்கு நல்ல பாதை என்றால் என்ன? செங்குத்தாக இறங்கும் பாதை நல்ல பாதையல்ல. அதில் மழைநீரும் நேராக இறங்கி மண்ணை அரித்துச் சென்றுவிடும். மலையின் இடுப்பைச் சுற்றி மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். சரிவு சராசரியாக 10 வீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தண்ணீர் பாதையின் வழியே ஓடாமல் குறுக்காக வெளியேற வேண்டும். பல நாடுகளில் இப்படிப்பட்ட பாதைகளைப் பெரும் செலவில் புதிதாக அமைக்கிறார்கள்.

மலையகத்தில் அதற்குத் தேவையே இல்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும், மாட்டு வண்டியும் பின்னர் லொறியும் ஏறக்கூடிய அளவுக்குச் சரிவு பார்த்து, ஓரத்தில் கல் அடுக்கி, மேற்பக்கத்தில் கான் வெட்டிப் போடப்பட்ட தோட்டப் பாதைகள் ஏற்கனவே இருக்கின்றன. கொழுந்து எடுப்பவர்கள் ஏறி இறங்கும் குறுக்குப் பாதைகளில் சைக்கிள் ஓட முடியாது. ஆனால் தோட்டப் பாதைகளில் ஒரு நாள் முழுவதும் ஓடலாம். அந்தக் கான்கள் இன்றும் வெட்டிச் சுத்தம் செய்யப்படுவதால்தான் மழைக்குப் பிறகும் பாதை பாதையாகவே இருக்கிறது.

நீர்நிலைகளும் இயற்கையானவை அல்ல. களனி கங்கையின் கிளைகளான கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும் மறித்து, மின்சாரத்துக்காக 1965 இல் காசல்ரீ அணையும் 1969 இல் மவுசாக்கலை அணையும் கட்டப்பட்டன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோவில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். அப்போது சைக்கிளோட்டிகள் அங்கே இறங்கிப் படம் எடுப்பார்கள். அந்த நகரத்தவர்கள் மேலே புதிய மஸ்கெலியாவுக்கு இடம்பெயர்ந்தவர்கள். ஊர் இழந்தவர்களுக்கு அந்தக் கற்கள் காட்சிப் பொருளாக மட்டும் இருக்க முடியாது என்பதை எமது வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த மலைக்கும் வடக்குக்கும் உள்ள தொடர்பு பழையது. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளின் ஊடாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். பசியாலும் கொலராவாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் இடம்பெற்றது. எதிர்த் திசையிலும் மக்கள் நடந்திருக்கிறார்கள். 1977 வன்செயலுக்குப் பின்னர் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்களில் எனது அம்மம்மாவின் குடும்பமும் ஒன்று. அவர்களில் பலரை யுத்தம் மீண்டும் இடம்பெயர்த்தது.

இன்று மலையகத்தில் மிகவும் பேசப்படும் பாதை பெக்கோ ட்ரெயில். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இது 300 கிலோமீற்றருக்கும் நீளமானது. 22 பகுதிகளைக் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தினதும் யுஎஸ்எயிட் நிறுவனத்தினதும் உதவியுடன், பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, நடப்பவர்களுக்காக உருவாக்கப்பட்டது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டத்தையும் அது கடக்கிறது. டெய்லரின் பெயர் எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது. பாதை வெட்டியவர்களின் பெயர் எதிலும் இல்லை.

பெயர் ஒருபுறம் இருக்கட்டும், வருமானம் எங்கே போகிறது? சைக்கிள் பெரும்பாலும் கொழும்பிலோ கண்டியிலோ வாடகைக்கு எடுக்கப்படுகிறது. தங்குவது விடுதியாக மாறிய பழைய துரை பங்களாவில். அந்தப் பங்களாக்களில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு வேலை கிடைக்கிறது, அது உண்மை. ஆனால் லயத்தில் இருப்பவர் தன் வீட்டிலேயே ஒரு விருந்தினரைத் தங்கவைக்க நினைத்தால்? பதிவுக்குப் போனாலும் வங்கிக் கடனுக்குப் போனாலும் முதலில் கேட்பது காணி ஆவணம். அது அவரிடம் இல்லை. ஐந்து தலைமுறை வாழ்ந்தாலும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் அது நிற்கும் நிலமும் அவருடையதல்ல.

தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசிடமே இருக்கிறது. தொழிலாளர் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று மாறி மாறி வந்த வாக்குறுதிகளில் உறுதிப் பத்திரமாக மாறியவை கொஞ்சமே. நாட்சம்பளம் 2024 இல்தான் 1,350 ரூபாவானது. வெளிநாட்டவர் ஒருவர் ஒரு நாள் சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பது அதைவிட அதிகம்.

எனவே, சுற்றுலா வளர்ந்தால் மலையகம் வளரும் என்று சொல்வது பாதி உண்மை மட்டுமே. வாசலால் போகும் பாதையிலிருந்து வருமானம் பெற, அந்த வாசல் முதலில் தன்னுடையதாக இருக்க வேண்டும். உறுதி இருந்தால் ஓர் அறையைக் கட்டலாம், சைக்கிள் திருத்தும் கடை போடலாம், வடையும் தேநீரும் விற்கலாம், எவரிடமும் அனுமதி கேட்காமல் பலகை தொங்கவிடலாம். உறுதியில்லாக் காணியில் எதையும் துணிந்து கட்ட முடியாது என்பதை மீள்குடியேறிய எமது கிராமங்களிலும் பார்த்திருக்கிறோம்.

போக விரும்புபவர்களுக்குச் சில விடயங்கள். ஹற்றன் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை கொட்டும், அட்டையும் அதிகம். சிவனொளிபாத மலைப் பருவத்தில் மஸ்கெலியா வீதியில் வாகன நெரிசல் இருக்கும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் போகவே வேண்டாம். 2014 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களே மண்ணுக்குள் போயின. தோட்டப் பாதைக்கு நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படலாம். கொழுந்துக் கூடையுடன் வருபவருக்கு இறங்கி வழிவிடுங்கள். லயத்து வாசல்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். வழிகாட்டி தேவையென்றால் அந்தத் தோட்டத்து இளைஞர் ஒருவரையே கேளுங்கள்; கூலியை அவர் கையிலேயே கொடுங்கள். காணி உறுதிக்கு இது மாற்றாகாது. ஆனால் அந்த மலையில் நீங்கள் செலவிடும் பணத்தில் ஒரு பங்காவது பாதை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.