வணிகர் தள்ளுபடி விகிதம்

வணிகர் தள்ளுபடி விகிதம் என்பது, வாடிக்கையாளர் கடன் அட்டை அல்லது பற்று அட்டை மூலம் பணம் செலுத்தும்போது, அத்தொகையில் ஒரு பங்கைக் கடைக்காரரிடமிருந்து வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணம் ஆகும். இது சுருக்கமாக எம்.டி.ஆர். எனப்படுகிறது. வாடிக்கையாளரின் ரசீதில் இக்கட்டணம் தெரிவதில்லை. கடைக்காரரின் கணக்கில் வரவாகும் தொகையில்தான் குறைகிறது. கொடைக்கானல் போன்ற சுற்றுலா ஊர்களில், வெளியூர்ப் பயணிகளை நம்பித் தொழில் செய்யும் சிறு கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இது ஒரு முக்கியமான செலவினம்.

கட்டணத்தின் பகுதிகள்

ஓர் அட்டைப் பரிவர்த்தனையில் வாடிக்கையாளர், கடைக்காரர் தவிர மூன்று தரப்புகள் உள்ளன. முதலாவது, வாடிக்கையாளருக்கு அட்டை வழங்கிய வங்கி. இரண்டாவது, கடைக்காரருக்கு ஸ்வைப் மெஷின் கொடுத்து அவர் கணக்கில் பணம் சேர்க்கும் வங்கி. இது ஏற்கும் வங்கி எனப்படும். மூன்றாவது, இவ்விரு வங்கிகளையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு.

கடைக்காரரிடம் பிடிக்கப்படும் கட்டணம் இம்மூவருக்கும் பிரிகிறது. பொதுவாகப் பெரும்பங்கு அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. இதற்கு இடைமாற்றுக் கட்டணம் என்று பெயர். கடன் அட்டையில் வாடிக்கையாளர் பணத்தைப் பின்னர்தான் திருப்பிக் கட்டுகிறார். அதுவரையிலான வட்டிச் செலவு, பணம் வராமல் போகும் இடர், வாடிக்கையாளருக்குத் தரப்படும் பரிசுப் புள்ளிகள் ஆகியவற்றை வங்கி ஏற்கிறது. கடன் அட்டைக் கட்டணம் பற்று அட்டைக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் உள்ள விதிகள்

பற்று அட்டைக் கட்டணத்துக்கு இந்திய ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்துள்ளது. 2017 டிசம்பரில் வெளியிடப்பட்டு 2018 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, முந்தைய நிதியாண்டில் 20 இலட்சம் ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர் சிறு வணிகர் ஆவார். அவரிடம் ஸ்வைப் மெஷின் வழி நடக்கும் பற்று அட்டைப் பரிவர்த்தனைக்கு 0.40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாயைத் தாண்டவும் கூடாது. மற்ற வணிகர்களுக்கு இவ்வரம்பு 0.90 விழுக்காடு, 1,000 ரூபாய். பற்று அட்டைக்கான இக்கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்றும் அவ்விதி கூறுகிறது.

2020 சனவரி 1 முதல் ரூபே பற்று அட்டைக்கும், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செல்லும் யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கும் கட்டணம் அறவே நீக்கப்பட்டது. கடன் அட்டைக்கு இத்தகைய உச்சவரம்பு இல்லை. அது கடைக்காரருக்கும் வங்கிக்கும் இடையேயான ஒப்பந்தத்தைப் பொறுத்தது; 2 விழுக்காட்டையொட்டிய விகிதங்கள் பரவலாகக் காணப்படுகின்றன.

ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ. செயலியில் இணைத்து கியூ.ஆர். குறி வழியாகச் செலுத்தும் முறை 2022இல் அறிமுகமானது. இம்முறையில் சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு மேற்பட்ட தொகைக்குக் கட்டணம் உண்டு. எனவே கியூ.ஆர். குறி வழியாக வரும் பணம் அனைத்தும் கட்டணமற்றது என்று கருதுவது சரியன்று.

கட்டணத்தின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேரும். ஆனால் 2,000 ரூபாய் வரையிலான அட்டைப் பரிவர்த்தனைக்கு ஏற்கும் வங்கி அளிக்கும் சேவைக்கு இவ்வரியிலிருந்து விலக்கு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

கொடைக்கானலில் ஒரு சிறு விடுதியின் அறை வாடகை 5,000 ரூபாய் என்று கொள்வோம். விடுதி உரிமையாளர் சிறு வணிகர் வரம்புக்குள் வருபவர். விருந்தினர் தம் வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலமோ ரூபே பற்று அட்டையிலோ செலுத்தினால் கட்டணம் இல்லை. வேறு வலையமைப்பின் பற்று அட்டை என்றால் அதிகபட்சம் 20 ரூபாயும் வரி 3.60 ரூபாயும் சேர்ந்து 23.60 ரூபாய். 2 விழுக்காட்டு விகிதத்தில் கடன் அட்டை என்றால் 100 ரூபாயும் வரி 18 ரூபாயும் சேர்ந்து 118 ரூபாய். வாடகை ஒன்றே, கைக்கு வருவது வேறு வேறு.

2 விழுக்காடு என்பது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அது இலாபத்தின் மீது அன்றி விற்பனை முழுவதன் மீதும் கணக்கிடப்படுகிறது. 1,000 ரூபாய்க்குச் சாக்லேட் விற்று 100 ரூபாய் இலாபம் பார்க்கும் கடையில், 20 ரூபாய் கட்டணம் இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அட்டை வாங்காவிட்டால் வாடிக்கையாளர் வெறுங்கையோடு போய்விடுவார் என்றால், மிஞ்சும் 80 ரூபாய் இலாபமே. அவர் யு.பி.ஐ.யில் செலுத்தவும் தயாராக இருந்தவர் என்றால், 20 ரூபாய் வீண் இழப்பு. கியூ.ஆர். பலகையை முன்னால் வைத்து, மெஷினை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வதன் பொருளியல் இதுதான்.

பருவகால வணிகமும் மெஷின் வாடகையும்

கொடைக்கானலின் முதன்மைப் பருவம் ஏப்ரல் முதல் சூன் வரை. மழைக்காலத்தில் கூட்டம் குறைந்துவிடும். 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, வெளியூர் வாகனங்கள் மலையேற இ-பாஸ் பெற வேண்டியுள்ளது. வணிகம் இப்படி ஏறி இறங்கினாலும் ஸ்வைப் மெஷினின் மாத வாடகை மாறுவதில்லை.

வாடகை மாதம் 500 ரூபாய், கட்டணம் 2 விழுக்காடு எனக் கொள்வோம். வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பருவகாலத்தில் 1,00,000 ரூபாய் அட்டை விற்பனைக்கு மொத்தச் செலவு 2,500 ரூபாய், அதாவது 2.5 விழுக்காடு. மழை மாதத்தில் 10,000 ரூபாய் விற்பனைக்குச் செலவு 700 ரூபாய். அதாவது 7 விழுக்காடு. ஆகவே பருவகால வணிகர் கட்டண விகிதத்தை மட்டுமின்றி, ஆண்டு முழுவதற்குமான மொத்தச் செலவை ஆண்டின் அட்டை விற்பனையால் வகுத்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடு. பூம்பாறையில் மலைப்பூண்டு விற்பவர் போன்ற சிறு விற்பனையாளருக்கு வாடகையில்லாத கியூ.ஆர். குறியே பெரும்பாலும் போதுமானது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

மாத வாடகை, குறைந்தபட்ச விற்பனை நிபந்தனை, பணம் கணக்கில் சேர ஆகும் நாள்கள், ஒப்பந்தத்தை முறிப்பதற்கான கட்டணம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். முன்பதிவை இரத்துசெய்து பணத்தைத் திருப்பித் தரும்போது, முன்பு பிடித்த கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும். கிடைக்காது என்றால், இரத்தாகும் ஒவ்வோர் அறையும் விடுதிக்கு நட்டம்.

ஊர் திரும்பிய பயணி அப்பரிவர்த்தனை தம்முடையதன்று என்று தம் வங்கியில் முறையிட்டால், பணம் கடைக்காரரிடமிருந்து திரும்பப் பிடிக்கப்படலாம். அப்போது கையில் இருக்க வேண்டியவை ரசீதும், விடுதியின் வருகைப் பதிவேடும், முன்கூட்டியே தெரிவித்த இரத்து விதிகளுமே.