நைல் கப்பலில் கோயில் பார்க்கப் போகிறீர்களா?

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது மேல்தளத்து நீச்சல்குளம். அதை விடுங்கள். எந்தக் கோயில் வாசலில் எத்தனை மணிக்கு இறக்கிவிடுவார்கள் என்று கேளுங்கள். எகிப்தில் நைல் பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் அந்த ஒரு விஷயத்தில்தான்.

கப்பல் எங்கிருந்து எங்கே போகும்? பெரும்பாலும் லக்சருக்கும் அஸ்வானுக்கும் நடுவே. லக்சரில் ஏறினால் வழக்கமாக 4 இரவு, அஸ்வானில் ஏறினால் 3 இரவு. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற நதி. அதனால் அஸ்வானை நோக்கிப் போவது ஆற்றை எதிர்த்துப் போவது. ஆனால் கூடுதல் இரவு அதற்காக அல்ல, பெரும்பாலும் லக்சர் கரையில் நின்றபடியே கழியும். அது நல்லதுதான். அங்கே உள்ள கர்னாக் கோயிலில் ஒரு மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள். ஆற்றின் மேற்குக் கரையிலோ அரசர் கல்லறைகள். ஒரே நாளில் ஓடிப் பார்க்கிற இடமில்லை.

அப்படியானால் கப்பல் ஓடிக்கொண்டே இருக்காதா? இருக்காது. பாதி நேரம் கரையில்தான். அதுவும் ஒன்றையொன்று ஒட்டி நாலைந்து கப்பல்கள் நிற்கும். கரைக்குப் போக மற்றக் கப்பல்களின் வரவேற்பறை வழியாக நடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் ஜன்னல் தெரியலாம். உங்கள் கப்பலின் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

நடுவில் என்ன இருக்கிறது? எட்ஃபு, கொம் ஓம்போ கோயில்கள். எட்ஃபுவில் விடியற்காலையே எழுப்பிவிடுவார்கள். பலரைக் குதிரை வண்டியில் அழைத்துப் போவார்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் திரும்பும்போது தேட வேண்டியதில்லை. பருந்துத் தெய்வமான ஹோரஸின் கோயில் இது. கி.மு. 237-இல் தொடங்கி 57-இல் முடித்தார்கள். பைலன் (இரட்டைக் கோபுரம் போன்ற முகப்பு வாசல்) 36 மீட்டர் உயரம். முற்றம், தூண் மண்டபம் என்று உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் கருவறை, அதில் ஒரே கல்லில் குடைந்த மாடம், காலியாக. நம் ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பழகிய கால்களுக்கு வழி சொல்லவே வேண்டாம்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா? வேண்டாம். இங்கே பூஜை நின்று பல நூற்றாண்டாகிறது. கல்லும் மணலும் சுடும், நல்ல ஷூவாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகலாம்? அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கோடையில் அஸ்வானில் 40 டிகிரியைத் தாண்டும். விலை குறைகிறதே என்று ஜூனில் போனால், பத்து மணிக்கு மேல் கோயிலை விட நிழலைத்தான் தேடுவீர்கள்.

கட்டணத்தில் எல்லாம் அடங்குமா? சாப்பாடு அடங்கும்; குடிப்பதற்குப் பல கப்பல்களில் தனிக்காசு, தண்ணீர் பாட்டில் உட்பட. கோயில் நுழைவுச்சீட்டும் வழிகாட்டியும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். பக்ஷீஷ் (அன்பளிப்புச் சில்லறை) எல்லா இடத்திலும் கேட்பார்கள். சிறு நோட்டுகள் கையில் இருக்கட்டும். சைவக்காரர்களுக்குப் பருப்பு சூப், வேகவைத்த மொச்சை வகை, சோறு, ரொட்டி கிடைக்கும். ஊறுகாய் பாட்டில் உங்கள் பொறுப்பு.

அபு சிம்பெல் இதில் வருமா? வராது. அஸ்வானிலிருந்து சாலையில் சுமார் 280 கி.மீ.; இருட்டில் கிளம்ப வேண்டும், தனிக் கட்டணம். அஸ்வான் அணை நீரில் மூழ்காமலிருக்க 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து 65 மீட்டர் மேலே ஏற்றிய கோயில் அது. தூக்கத்தை விடலாம், இதை விடாதீர்கள்.

இன்னொன்று. வழியில் எஸ்னாவில் நீர்ப்பூட்டு (கதவுகளுக்கு நடுவே தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலை மட்டம் மாற்றும் தொட்டி) முன்னால் வரிசையில் காத்திருப்பீர்கள். அப்போது சின்னப் படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொண்டு, துணியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி மேல்தளத்துக்கே வீசுவார்கள். பிடித்திருந்தால் பேரம் பேசிப் பணத்தை அதே பையில் போட்டு வீசலாம். பிடிக்காவிட்டால் துணியைத் திருப்பி எறிய வேண்டும்; குறி பார்த்து எறியுங்கள், கீழே ஆறு.