ஜான் டன் கேட்ட சாவு மணி

1623ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் லண்டனில் கொடிய காய்ச்சல் பரவியது. செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குருவான கவிஞர் ஜான் டன்னும் அதில் விழுந்தார். படுத்திருந்த அறைக்கு அக்கம்பக்கத்துத் தேவாலய மணியோசை வந்துகொண்டே இருந்தது. ஒருவர் சாகும் தறுவாயில் இருக்கும்போது மணியடிப்பது அக்கால இங்கிலாந்து வழக்கம். கேட்பவர்கள் அந்த உயிருக்காக ஜெபிப்பார்கள். டன் ஜெபித்தார், கூடவே இன்னொன்றும் நினைத்தார். என் நிலைமை எனக்கே தெரியாமல் இருக்கலாமே, இந்த மணி எனக்கும் சேர்த்துத்தானே? பிழைத்தெழுந்து 1624இல் வெளியிட்ட உரைநடை நூலின் பதினேழாம் பகுதி இந்த நினைப்பில் பிறந்தது. ஹெமிங்வே 1940இல் தன் நாவலுக்குத் தலைப்பெடுத்தது அங்கிருந்துதான்.

பிறந்தவர் எல்லாரும் சாவார்கள் என்று பொதுவில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. 'நான் சாவேன்' என்று எழுதத்தான் துணிச்சல் வேண்டும். நார்ஃபோக்கில் மண்ணுக்கடியில் கிடைத்த பழைய சாம்பல் தாழிகளைப் பற்றி 1658இல் தாமஸ் பிரவுன் எழுதிய நூலின் நடை அற்புதமானது. ஆனாலும் அதில் சாவு என்றோ செத்த யாருக்கோ உரியது.

அந்தத் துணிச்சலை நான் மறுபடி பார்ப்பது ஃபிலிப் லார்கினிடம். 1974இல் தொடங்கிய 'ஓபாத்' கவிதையை, 1977 நவம்பரில் தாய் இறந்த சில நாள்களில் முடித்தார். விடியுமுன் விழித்துக் கிடப்பவனின் அச்சம் அது. மறுமை, மதம் என்ற ஆறுதல் எதையும் லார்கின் ஏற்கவில்லை. டன்னோ உயிர்த்தெழுதலை முழுதாக நம்பியவர். நம்பிக்கையில் எதிரெதிர்த் துருவங்கள். என்றாலும் இருவரும் பேசியது தங்கள் சாவைப் பற்றி. அதனால்தான் இன்றும் படிக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது.

டன் சொன்னதோடு விடவில்லை. 1631 பிப்ரவரியில், உடல் இளைத்த நிலையில், மன்னர் முதலாம் சார்லஸ் முன்னிலையில் சாவைப் பற்றியே பிரசங்கம் செய்தார். தன் இறுதிச் சடங்குக்குத் தானே பிரசங்கித்துவிட்டார் என்று கேட்டவர்கள் பேசிக்கொண்டதாக, டன்னின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன் எழுதுகிறார். பிறகு சவத்துணி சுற்றி, கண்மூடி நின்று தன்னைப் படம் வரையச் செய்து, அதைப் படுக்கையருகே வைத்துக்கொண்டாராம். மார்ச் 31 அன்று இறந்தார். அதே கோலத்தில் நிக்கோலஸ் ஸ்டோன் வடித்த பளிங்குச் சிலை, பழைய பேராலயத்தை அழித்த 1666 தீயிலும் தப்பி, இன்றும் செயின்ட் பாலில் நிற்கிறது.

லண்டன் போனால் அதைப் பாருங்கள். போக வாய்ப்பில்லாதவர்கள் பதினேழாம் பகுதியை மட்டுமாவது படியுங்கள், சில பக்கங்கள்தான்.